பசுமைக்கு நடுவே பட்டினி

கிள்ளானில் அக்கா வீட்டுக் கொல்லையில் வைத்திருந்த தேனீப் பெட்டிகளில் சில ராணிகளை என் கையாலேயே நசுக்கிக் கொன்றிருக்கிறேன். தேனீ வளர்க்கிறவர்களுக்கு இது தெரிந்த காரியம்தான். குடும்பம் பெருகவில்லை, அடையில் புழு நிறையவில்லை, தேன் அறை காலியாகவே கிடக்கிறது என்றால் ராணி சோடை என்று முடிவு கட்டுவோம். அவளை எடுத்துவிட்டு, வேறொரு நல்ல குடும்பத்தின் ராணி அறையைக் கொண்டுவந்து ஒட்டுவோம். நானும் அப்படித்தான் செய்தேன். புது ராணி வந்த சில வாரங்களில் பழைய நிலைமையே திரும்பும். மறுபடி இன்னொரு ராணி. நல்ல வம்சம் அமையவில்லை என்று பந்திங், காஜாங் என்று தேடிப் போனேன். குறை வம்சத்தில் இல்லை, சாப்பாட்டில் இருந்தது. அது தெரிந்த பிறகு அந்த ராணிகளை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

நான் இருப்பது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில். தேனீ வளர்க்க ஆசை வந்தபோது இங்கே பெட்டி வைக்கலாம் என்ற எண்ணமே எழவில்லை. தண்டவாளம், மோனோரயில் தூண்கள், அடுக்குமாடிகள், நள்ளிரவு வரை ஓயாத வண்டிகள். இதற்கு நடுவில் ஒரு தேனீக்கு என்ன கிடைத்துவிடும்? அக்கா வீடு கிள்ளானைத் தாண்டிக் காப்பார் போகும் வழியில், வீடுகள் முடிந்து செம்பனை தொடங்கும் ஓரத்தில் இருக்கிறது. கொல்லைக் கதவைத் திறந்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை. மழை பெய்து ஓய்ந்த மாலையில் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். இதைவிடத் தேனீக்கு நல்ல இடம் கிள்ளான் பள்ளத்தாக்கில் கிடையாது என்று நம்பித்தான் பெட்டிகளை அங்கே இறக்கினேன்.

நான் வளர்ப்பது ஏபிஸ் செரானா என்ற நம் பக்கத்துப் பெட்டித் தேனீ. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் வளர்ப்பதும் இதே இனம். சுவர்ப் பொந்திலும் மீட்டர் பெட்டியிலும் அது தானாகவே வந்து குடியேறும். மலேசியாவில் இப்போது பலரும் கொடுக்கில்லாத கெலுலுட் பக்கம் போய்விட்டார்கள். பெட்டித் தேனீயைப் பற்றி விவரம் கேட்க ஆள் தேடித்தான் போக வேண்டும்.

எனக்கு அப்படிக் கிடைத்தவர் காப்பார் பக்கத்துப் பெரியவர் ஒருவர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், வாழ்நாள் முழுக்கத் தேனீயோடு பழகியவர். அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். என் பெட்டிகளைக் காட்ட ஒருமுறை அழைத்துப் போனேன். சட்டத்தைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டினேன். “பாருங்கண்ணே, முட்டை இருக்கு, ஆனா புழு இல்ல. ராணி சரியில்லதானே?”

அவர் அடையைப் பார்க்கவே இல்லை. பெட்டி வாசலுக்கு முன் குந்தி உட்கார்ந்து, உள்ளே வருகிற தேனீக்களையே கொஞ்ச நேரம் கவனித்தார்.

“ராணியப் பாக்காத தம்பி. கால்களப் பாரு. எத்தன நெறம் வருதுன்னு எண்ணு.”

வந்தவற்றில் சில தேனீக்கள்தான் காலில் மகரந்தம் கொண்டுவந்தன. கொண்டுவந்ததும் எல்லாம் ஒரே வெளிர் மஞ்சள். “பட்டினி போட்டுட்டு ராணியத் திட்டுறியே” என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். ஒவ்வொரு மழைக்காலத்திலும் சீனித்தண்ணி வைக்கிறேனே, எப்படிப் பட்டினி என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

தேனீயின் சாப்பாடு இரண்டு. பூவில் ஊறும் இனிப்பு நீர் தேனாகிறது. அது பறக்கவும் கூட்டின் சூட்டைக் காக்கவும் வேண்டிய எரிபொருள். உடம்பைக் கட்டுவது மகரந்தம். புரதம், கொழுப்பு, உயிர்ச்சத்து, உப்புச்சத்து எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். சீனித்தண்ணி முதலாவதற்கு ஈடாகும், இரண்டாவதற்கு ஒருபோதும் ஆகாது. நான் செய்துகொண்டிருந்தது, பிள்ளை பெற்றவளுக்கு வெறும் கஞ்சித் தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு ஏன் பால் சுரக்கவில்லை என்று கேட்பது போன்றது.

பால் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பொரித்து வந்த இளம் புழு நேராக மகரந்தத்தைத் தின்பதில்லை. கூட்டிலுள்ள இளவயதுத் தேனீக்கள், அதாவது வெளியே பறக்கத் தொடங்காத செவிலிகள், மகரந்தத்தைத் தின்று தங்கள் தலையிலுள்ள சுரப்பிகளில் பால் போன்ற கூழைச் சுரக்கின்றன. அந்தக் கூழைத்தான் புழுவுக்கு ஊட்டுகின்றன. ராணிக்கும் அதே கூழ்தான். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடும் ராணி தானாக உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. செவிலிகள் ஊட்டிக்கொண்டே இருப்பதால்தான் அவளால் அவ்வளவு முட்டையிட முடிகிறது. ஆகவே மகரந்தம் நின்றால் முதலில் செவிலியின் தலைக்குள்ளே அந்தச் சுரப்பி வற்றுகிறது. அது நம் கண்ணுக்குத் தெரியாது. அடுத்துப் புழு குறைகிறது. அது தெரியும்போது நாம் ராணியைக் குற்றம் சொல்லத் தொடங்குகிறோம்.

முட்டை இருக்கிறது, புழு இல்லை என்று அண்ணனிடம் காட்டினேனே, அதன் விளக்கம் எனக்குப் பிறகுதான் கிடைத்தது. முட்டை பொரிக்க 3 நாள். ராணி இட்ட முட்டை பொரித்த பிறகு ஊட்டக் கூழ் இல்லையென்றால், செவிலிகளே அந்த இளம் புழுக்களைத் தின்றுவிடுகின்றன. வளர்ந்த புழுக்களை வழக்கத்தைவிட முன்னதாகவே மெழுகால் மூடிவிடுகின்றன. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தார் ஐரோப்பியத் தேனீயில் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். குரூரமாகத் தோன்றினாலும் உள்ளே இருக்கும் புரதத்தை வீணாக்காமல், காப்பாற்ற முடிந்த பிள்ளைகளைக் காப்பாற்றும் வழி அது. என் கிள்ளான் பெட்டியில் ராணி ஒவ்வொரு நாளும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தாள். செவிலிகள் அந்தப் பிள்ளைகளைத் தின்றுகொண்டிருந்தன. நான் வாரம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செம்பனைத் தோப்புக்கு நடுவில் மகரந்தம் இல்லையா என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. செம்பனையில் ஆண் பூங்குலையும் பெண் பூங்குலையும் தனித்தனி. ஆண் குலை விரியும்போது சோம்பு வாசனை தோப்பு முழுக்க அடிக்கும். மகரந்தம் தூளாகக் கொட்டும். இது எனக்குப் புத்தகத்தில் படித்த செய்தி இல்லை. என் அம்மா தோட்டத்தில் அந்த வேலைதான் செய்தார். ஆண் பூவின் தூளைச் சேகரித்து, முகப்பவுடர் மாவோடு கலந்து, பெண் பூங்குலைக்கு ஊதுகிற வேலை. அன்றைக்கு மரத்துக்கு மரம் மனிதர்கள்தான் மகரந்தம் சேர்த்தார்கள். 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வண்டு அந்த வேலையை முழுக்க எடுத்துக்கொண்டது. காய்ப்பு கூடியது, தூள் ஊதிய கைகளுக்கு வேலை போனது. அம்மா மாலையில் வீடு திரும்பும்போது சேலையில் ஒட்டியிருந்த சோம்பு மணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தேனீயும் அந்தத் தூளை எடுக்கும். என் பெட்டி வாசலில் வந்த வெளிர் மஞ்சள் அதுதான். சிக்கல் என்னவென்றால் அது ஒன்றுதான் வந்தது. ஹாலந்து நாட்டு ஆய்வாளர் தெ குரூட் 1953இல் தேனீக்கு 10 அமினோ அமிலங்கள் வெளியிலிருந்து கட்டாயம் கிடைக்க வேண்டும் என்று காட்டினார். அந்தப் பத்தில் ஒன்று குறைந்தாலும் மற்ற ஒன்பது எவ்வளவு இருந்தும் முழுப் பயன் இல்லை. ஒரே பூவின் மகரந்தத்தில் பத்தும் சரியான அளவில் அமைவது அரிது. சோள மகரந்தம் தேனீக்கு ஏராளமாகக் கிடைக்கும், ஆனால் அதில் ஹிஸ்டிடின் என்ற அமிலம் குறைவு என்பது பழைய உதாரணம். 2010இல் பிரான்சில் செய்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. புரதம் அதிகமுள்ள ஒற்றை மகரந்தத்தைத் தின்ற தேனீக்களைவிட, பல மகரந்தங்களைக் கலந்து தின்றவற்றில் குளூக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி கூடுதலாக வேலை செய்தது. புழுவுக்கு ஊட்டும் கூழிலும் தேனிலும் கிருமி வளராமல் காப்பது அந்த நொதி. ஆகவே எவ்வளவு தின்கிறது என்பதைப் போலவே எத்தனை விதம் தின்கிறது என்பதும் குடும்பத்தின் நோய்த் தாக்குப்பிடிப்பைத் தீர்மானிக்கிறது.

சிலாங்கூர் கடற்கரையோரம் ஒரு காலத்தில் தென்னை நிறைய இருந்தது. தென்னை வருஷம் முழுக்கப் பாளை விடும். தேனும் உண்டு, மகரந்தமும் உண்டு. பெட்டித் தேனீக்கு அதைவிட நம்பகமான மரம் கிடையாது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் போடப்பட்டது. பிறகு வந்த பல பத்தாண்டுகளில் தென்னையும் ரப்பரும் இருந்த இடமெல்லாம் செம்பனையாகிப் போனது. மரத்தடியில் தானாக முளைக்கும் செடிகளாவது மிச்சம் இருந்தால் பரவாயில்லை. தொட்டாற்சுருங்கியும், வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்கும் அசிஸ்டேசியாவும் தேனீக்குப் பெரிய துணை. அவற்றுக்கு மருந்தடிப்பது தோட்ட வேலையின் வழக்கமான பகுதி. அந்த மருந்துத் தோம்பை முதுகில் சுமந்தவர்களும் பெரும்பாலும் நம் பெண்கள்தான். 2020 தொடக்கத்தில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி தடை செய்யப்பட்டபோது நான் அவர்களுக்காகவே முதலில் நிம்மதிப்பட்டேன். ஆனாலும் களைக்கொல்லி அடிப்பது நின்றுவிடவில்லை.

2019 செப்டம்பரில் புகைமூட்டம் வந்தது. கிள்ளான் பக்கம் மதிய வேளையிலும் சூரியன் ஒரு மங்கிய சிவப்பு வட்டமாகத் தெரிந்தது. தேனீ வெளியே போவதே குறைந்தது. பெட்டிகளில் ஒன்று மிகவும் மெலிந்துவிட்டது. அதன் ராணியை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன், புது ராணி கைக்கு வரவில்லை. அதுவரை கண்ணெதிரே இருக்கட்டும் என்று ஓர் இரவு வாசலை அடைத்து, கன்சில் காரின் பின்னிருக்கையில் வைத்து பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டுவந்தேன். பின்கட்டில் துணி காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன் கால்களில் எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம். சாகப்போகிற ராணிக்கு அது தற்காலிக இடம் என்றுதான் நினைத்தேன்.

மாற்று ராணிக்கு ஏற்பாடு செய்து, நாளும் குறித்து வைத்திருந்த நேரத்தில் 2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது. பிறகு 10 கிலோமீட்டர் எல்லையும் வந்தது. கிள்ளானுக்குப் போக வழியில்லை. அந்த ராணியும் நானும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒன்றாக அடைபட்டோம்.

வேலை இல்லாத காலைகளில் தேத்தண்ணிக் கோப்பையோடு பெட்டி வாசலுக்கு எதிரே உட்கார ஆரம்பித்தேன். அப்போதுதான் அண்ணன் சொன்னது கண்ணில் பட்டது. கால்கள். வெளிர் மஞ்சள், அடர் மஞ்சள், ஆரஞ்சு, சாம்பல், செங்கல் நிறம், சில நாள் பச்சை கலந்த ஒரு வெண்மை. எங்கிருந்து வருகிறது இதெல்லாம்? முகக்கவரி போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகும்போது தெருவைத் தேனீயின் கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் முருங்கை. மூலை வீட்டுக் கறிவேப்பிலை, பப்பாளி, கொய்யா. கோவில்களைச் சுற்றித் துளசி. பழைய வீட்டு வளவில் இரண்டு தென்னை. வடிகால் ஓரத்தில் யாரும் நடாத செர்ரி மரம். அது பூக்காத நாளே இல்லை. சாலையோரத்தில் நகராட்சி நட்ட இயல்வாகையும் அங்சானாவும். அங்சானா வறட்சிக்குப் பின் மழை விழுந்தால் திடீரென்று ஒரே நாளில் மரம் முழுக்கப் பொன்னாகிவிடும், மறுநாள் தெருவெல்லாம் மஞ்சள் கம்பளம். தண்டவாளச் சரிவிலும் ஆற்றோரத்திலும் புல்வெட்டும் இயந்திரம் வராததால் தொட்டாற்சுருங்கியும் வெட்டுக்காயப் பூண்டும் முழங்கால் உயரத்துக்குப் பூத்து நின்றன. அந்தச் சில வாரங்களில் எங்கள் தெருவோரம் போல ஒரு தேனீ மேய்ச்சலை நான் எந்தத் தோட்டத்திலும் பார்த்ததில்லை.

பெட்டியைத் திறந்தேன். சாகக் காத்திருந்த ராணி சட்டத்துக்குச் சட்டம் அடைத்து வைத்திருந்தாள். நடுவில் இடைவெளியில்லாமல் மூடிய புழு அறைகள், அதைச் சுற்றி மகரந்த வளையம், வெளி விளிம்பில் தேன். புழு ஒவ்வொன்றும் வெள்ளைக் கூழில் மிதந்தது. கிள்ளானில் என் புழுக்கள் காய்ந்த அறைத் தரையில் ஒட்டிக் கிடந்ததைத்தான் நான் வழக்கம் என்று எண்ணியிருந்தேன். அதே ராணி. அதே வம்சம். மாறியது தெரு மட்டும். அன்றைக்கு அவளைப் பார்த்தபடி அடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு முந்தையவர்களும் இப்படித்தான் இருந்திருப்பார்கள்.

ஏப்ரலில் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பினாள். “தம்பி, பெட்டியில சத்தமே இல்லடா. நான் கிட்ட போக மாட்டேன், நீயே பாத்துக்க.” மே மாதம் தடை தளர்ந்து போய்ப் பார்த்தபோது கிள்ளானில் விட்டுவந்த பெட்டிகள் காலி. செத்த தேனீ இல்லை, ஒரு துளித் தேன் இல்லை. மெழுகுப் புழு அடை முழுக்க வலை பின்னியிருந்தது. பெட்டித் தேனீக்கும் ஐரோப்பியத் தேனீக்கும் பெரிய வித்தியாசம் இதுதான். ஐரோப்பியத் தேனீ பட்டினியில் அங்கேயே கிடந்து சாகும். நம் தேனீ புது முட்டை வளர்ப்பதை நிறுத்தும், இருக்கிற பிள்ளைகள் சிறகு முளைத்து வெளிவரக் காத்திருக்கும், மிச்சத் தேனையெல்லாம் வயிற்றில் நிரப்பிக்கொண்டு ராணியோடு ஒரே நாளில் கிளம்பிவிடும். ‘ஓடிப்போச்சு’ என்போம். அதற்கு முன்பு பல நாட்களாக அடையில் புழு குறைவதே அதன் அறிவிப்பு.

இனவிருத்தி பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் முழு உழைப்பும் அதில்தான் போனது. ராணியாகப் போகும் புழுவும் வேலைக்காரத் தேனீயாகப் போகும் புழுவும் ஒரே மாதிரி முட்டையிலிருந்துதான் வருகின்றன. முதல் சில நாட்களுக்கு இரண்டுக்கும் கூழ்தான். பிறகு வேலைக்காரப் புழுவுக்குக் கூழைக் குறைத்துத் தேனும் மகரந்தமும் சேர்த்துச் செவிலிகள் ஊட்டுகின்றன. ராணிப் புழுவுக்குக் கடைசிவரை கூழ், அதுவும் மூழ்கும் அளவுக்கு. ராணி வளர்ப்பில் நாம் செய்வதெல்லாம் பொரித்து ஒரு நாளுக்கு மேலாகாத புழுவை எடுத்து, ராணிக் கிண்ணத்தில் வைத்து, வளர்த்துத் தரச் சொல்லிச் செவிலிகளிடம் கொடுப்பதுதான். அந்தச் செவிலிகளே வற்றிப் போயிருந்தால்? எவ்வளவு உயர்ந்த வம்சத்துப் புழுவாக இருந்தாலும் சின்ன ராணிதான் வருவாள். சினைப்பையில் முட்டைக் குழல்கள் குறைவாக இருக்கும். நான் பந்திங்கிலிருந்து கொண்டுவந்த புழுக்களை மெலிந்த குடும்பத்தில் வளர்த்து, மெலிந்த ராணிகளை உண்டாக்கி, பந்திங் வம்சமும் சரியில்லை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஆண் தேனீயை நாங்கள் யாருமே பொருட்படுத்துவதில்லை. வேலை செய்யாமல் தேன் தின்கிறவன் என்று நினைப்பு. ஒரு குடும்பம் ஆண்களை வளர்ப்பது மகரந்தம் மிஞ்சும்போதுதான். பஞ்சம் வந்தால் முதலில் நிறுத்துவது அவர்களை வளர்ப்பதைத்தான். வளர்ந்தவர்களையும் வெளியே தள்ளிவிடும். பிறந்த முதல் நாட்களில் ஆண் தேனீக்கும் புரதச் சாப்பாடு வேண்டும், அப்போதுதான் விந்து சரியாக முதிரும். நம் இனத்தில் ஆண் அறையின் மூடியில் நடுவே ஊசியால் குத்தியது போல ஒரு சிறு துளை இருக்கும், அதை வைத்து யாரும் அடையாளம் காணலாம். கிள்ளான் பெட்டிகளில் அந்தத் துளை மூடியைப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. சுற்றுவட்டாரத்தில் ஆண் இல்லையென்றால் கன்னி ராணி யாரோடு கூடுவாள்? பல ஆண்களோடு வானத்தில் கூடி, அந்த விந்தை வாழ்நாள் முழுக்கச் சேமித்து வைத்திருக்க வேண்டியவள் அவள். குறைந்த ஆண்களோடு கூடினால் பிள்ளைகளில் வகை குறையும், நோய் வந்தால் தாங்காது. பிரிக்ஃபீல்ட்ஸ் பெட்டியில் அந்த ஏப்ரலில் துளை மூடிகள் வரிசையாகத் தெரிந்தன.

முன்பு ஒரு உறவுக்காரக் கல்யாணத்துக்குத் தமிழ்நாடு போனபோது மார்த்தாண்டம் வரை சென்று வந்திருக்கிறேன். 1920களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு மையம் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் அங்கே தேனீ வளர்ப்பைப் பரப்பியது. திருச்சியின் நியூட்டன் பாதிரியார் வடிவமைத்த சிறிய பெட்டி தென்னிந்தியா முழுக்கப் பரவியிருக்கிறது. மார்த்தாண்டத்தில் பெரிய தேன் வரவு ரப்பரிலிருந்துதான். இலையுதிர்ந்து தளிர் முற்றும் மாதங்களில் ரப்பரின் இலைக்காம்பு நுனியிலிருக்கும் சுரப்பிகளில் தேன் ஊறும். பூ வேண்டியதே இல்லை. பெட்டிகளை வண்டியில் ஏற்றித் தோட்டத்துக்குத் தோட்டம் கொண்டுபோகிறார்கள். மழைக்காலத்தில் சீனிப்பாகு கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் அங்கே வீட்டைச் சுற்றித் தென்னை, முருங்கை, வாழை, புளி, வேலியெல்லாம் ஏதாவது பூ. சீனி தேனை ஈடு செய்கிறது, வளவு மகரந்தத்தைக் கொடுக்கிறது. நான் அவர்களிடமிருந்து சீனியை மட்டும் கற்றுக்கொண்டு வந்தேன். வளவைப் பார்க்காமல் வந்துவிட்டேன். 1991, 92 வாக்கில் தாய் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியப் பெட்டித் தேனீயில் பெரும்பகுதியை அழித்த கதையையும் அங்கே முதியவர்கள் சொன்னார்கள். நல்ல சாப்பாடு கொடுத்தால் எந்த நோயும் வராது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஒரு வைரஸ் வந்தால் கொழுத்த குடும்பமும் விழும். ஆனால் மீண்டு எழுவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும்.

சீனி கொடுப்பதென்றால் வெள்ளைச் சீனிதான் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குலா மேலாக்கா, வெல்லம், கறுப்புச் சீனி எல்லாம் நமக்கு நல்லதாக இருக்கலாம்; அவற்றிலுள்ள செரிக்காத பொருள்கள் தேனீக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். கடைத் தேனையும் ஊற்றக் கூடாது, வேறு குடும்பத்து நோய் அதில் வரலாம்.

மகரந்தத்துக்கு ஈடாக எதையாவது கொடுக்க முடியாதா என்று உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். சோயா மாவு, ஈஸ்ட் என்று பல கலவைகள் உண்டு. புரதம் அதில் கிடைத்துவிடும். கிடைக்காதது ஸ்டீரால் என்ற கொழுப்பு வகை. பூச்சிகளால் அதைத் தாங்களே செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் பெற வேண்டும். தேனீக்கு அது மகரந்தத்தில் மட்டுமே இருக்கிறது. 2025இல் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரால்டின் ரைட்டின் குழு, தேனீக்கு வேண்டிய 6 ஸ்டீரால்களையும் சுரக்கும்படி ஒரு ஈஸ்டை மாற்றியமைத்து அதைக் கலந்து ஊட்டியது. அது கலக்காத செயற்கை உணவைத் தின்ற குடும்பங்களைவிடக் கூட்டுப்புழு நிலையை எட்டிய பிள்ளைகள் 15 மடங்கு வரை அதிகம். இந்த ஈஸ்ட் என்றாவது நம் ஊர்க் கடைக்கு வந்தால் நான் வாங்குவேன். முருங்கைக்கு ஈடாக அதைச் சொல்ல மாட்டேன்.

என் காரின் மேல் அவ்வப்போது மஞ்சள் துளிகள் விழுந்திருக்கும். முன்பெல்லாம் கழுவிவிட்டுப் போய்விடுவேன். அது மலைத்தேனீயின் எச்சம். உயரமான மரங்களிலும் கட்டட விளிம்புகளிலும் கூடு கட்டும் அந்தத் தேனீக்கள் கூட்டமாகப் பறந்து கழிக்கும். 1981இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹெய்க், லாவோஸ் மலைகளில் விழுந்த மஞ்சள் துளிகளை விஷ ஆயுதம் என்று அறிவித்தார். ஹார்வர்டின் மேத்யூ மெசல்சன் அது தேனீ எச்சம் என்று வாதாடினார். தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலியோடு தாய்லாந்துக் காட்டுக்குப் போனபோது அந்த மழை அவர்கள் மேலேயே விழுந்தது. இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. செர்டாங் வேளாண் பல்கலைக்கழகத்தின் மக்ஜிர் மர்டான், கனடாவின் பீட்டர் கெவனோடு சேர்ந்து மலேசிய மலைத்தேனீக்கள் ஏன் இப்படிக் கூட்டமாகக் கழிக்கின்றன என்று ஆராய்ந்து, உடல் சூட்டைத் தணிப்பதோடு அதைத் தொடர்புபடுத்தினார். அந்தத் துளிகளில் இருப்பது பெரும்பாலும் செரித்தது போக மிஞ்சிய மகரந்தத்தின் ஓடுகள். ஒவ்வொரு செடிக்கும் ஓட்டின் வடிவம் வேறு. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தக் கூட்டம் அன்றைக்கு எதையெதைத் தின்றது என்று படித்துவிடலாம். இப்போது என் காரை உடனே கழுவுவதில்லை. துளிகள் நிறையவும் அடர்த்தியாகவும் இருந்தால் சுற்றுவட்டாரத்தில் எங்கோ நல்ல பூ வரவு இருக்கிறது என்று என் பெட்டிகளையும் போய்ப் பார்க்கிறேன்.

இப்போது நான் ராணி வளர்க்கத் தொடங்கும் முன் இரண்டைப் பார்க்கிறேன். வாசலில் பல நிறம் தொடர்ந்து வர வேண்டும். துளை மூடிகள் கண்ணில் பட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எவ்வளவு நல்ல புழு கையில் இருந்தாலும் தொடுவதில்லை. அக்டோபர், நவம்பர் மழையில் தேனீ வெளியே போகாது, பூவிலிருக்கும் தூளும் நனைந்து கரைந்துவிடும். அந்த மாதங்களில் குடும்பங்களை ஒன்று சேர்த்துக் காப்பாற்றுவதோடு சரி. தேனையும் அப்போது எடுப்பதில்லை, அடையின் மகரந்த வளையத்தை எந்த மாதத்திலும் வெட்டுவதில்லை. பெட்டிகளில் பாதி பிரிக்ஃபீல்ட்ஸைச் சுற்றித் தெரிந்தவர்கள் வீட்டு மாடிகளில் இருக்கின்றன. எல்லாம் அந்த ஒரு ராணியின் வழி. புல்வெட்ட வரும் குத்தகைக்காரத் தம்பியிடம் பேசி, தண்டவாள ஓரத்துச் சரிவைப் பூ முடிந்த பிறகு வெட்டும்படி கேட்டிருக்கிறேன். சில நேரம் கேட்கிறார், சில நேரம் மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று வெட்டிவிடுகிறார்.

கிள்ளானையும் நான் கைவிடவில்லை. செம்பனைத் தோட்டங்களில் சாலையோரமாக டர்னெராவும் கொடிரோஜாவும் மஞ்சள் பூ கேசியாவும் வரிசையாக நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு நட்டதல்ல. ஓலையைத் தின்னும் பைப்புழுவை அழிக்கும் சிறு குளவிகளுக்கு அந்தப் பூக்கள் சாப்பாடு. மருந்தடிக்கும் செலவு மிச்சமாகிறது என்பதால் தோட்டங்களே நடுகின்றன. காலை எட்டு மணி வாக்கில் டர்னெரா விரிந்ததும் அதில் தேனீ மொய்க்கும். ஆகவே தோட்டத்துக்கும் தேனீக்கும் பகை இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. அக்கா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தில் அந்த வரிசையைக் கொல்லை வேலி வரை நீட்டவும், வேலியோரத்துக் களையை மருந்தடிக்காமல் விடவும் கேட்டோம். அண்ணன்தான் போய்ப் பேசினார், அவருக்கு அங்கே மரியாதை உண்டு. சம்மதித்துவிட்டார்கள். அக்கா தன் பங்குக்கு முருங்கைக் கிளைகள் ஊன்றியிருக்கிறாள், இரண்டு தென்னங்கன்றும் வாங்கி வைத்திருக்கிறாள்.

மழை ஓய்ந்ததும் அங்கே மறுபடி பெட்டி இறக்கப் போகிறோம். ஆரம்பத்தில் சோயா மாவு உருண்டை வைக்க வேண்டும் என்று அண்ணன் சொல்கிறார். பூ வந்தால் மட்டும் பெட்டி வைக்கலாம், மாவு கொடுத்து ஏமாற்றிக் குடும்பத்தைப் பெருக்கினால் அது நின்ற மறுவாரமே ஓடிவிடும் என்பது என் வாதம். “மருந்துக்குக் கொஞ்சம் குடுத்தா தப்பில்ல தம்பி, ஒடனே தேறிக்கும்” என்கிறார் அவர். ஒரு பெட்டிக்கு மட்டும் வைத்துப் பார்க்கலாம், மற்றவற்றில் கால் நிறத்தை எண்ணிக்கொண்டு வரலாம் என்று பேசி முடித்திருக்கிறோம். எண்ணும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணுவதென்றால் சம்மதமாம்.